ஏழாம் எண் குப்பி

கமுதியிலிருந்து பஸ் ஏறி வந்த மாரீஸ்வரன், போலீசுக்கு எழுதிய புகாரை முதலில் துப்புத் துலக்கித் தரும் மலையாண்டியிடம் நீட்டினான். புற்றுநோய்க்கு ஊசி போடுமுன், அவனுடைய விரையிலிருந்து துளி திசுவை எடுத்து, இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உறைய வைத்திருந்தார்கள். இனி அவனுக்குப் பிள்ளை என்றால் அந்த ஒரு குப்பிதான். போன வாரம் உருக்கிப் பார்த்தால் ஒரு விந்தணுகூட உயிரோடு இல்லை. கரண்ட் போனதுதான் காரணம் என்றாளாம் லேப்பில் வேலை பார்க்கும் நாகஜோதி.

"அப்ப கேஸ் நிக்கும்" என்று துள்ளினான் வீரமணி. ஆட்டோ ஓட்டுகிறவன், துப்பு என்றால் சவாரியைக்கூட விட்டுவிட்டு மலையாண்டியோடு கிளம்பிவிடுவான்.

மலையாண்டி கால்நடைத் துறையில் முப்பது வருடம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். "ஏலே, விந்தை உறைய வைக்கிற திரவ நைட்ரஜன் குடுவைக்குக் கரண்டே வேணாம்டா. அது தெரிஞ்ச பிள்ளை கரண்டுன்னு சொல்லுதுன்னா எதையோ மறைக்குது."

மூவரும் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தார்கள். நைட்ரஜன் அளவு ஒரு நாளும் குறைந்திருக்கவில்லை. அதே குடுவையிலிருந்த இன்னொருவரின் குப்பி மறுநாள் உருக்கியபோது நன்றாகவே இருந்தது. ஏழாம் எண் குப்பியின் லேபிள் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சாம்பலைத் தொட்டு முகர்ந்த மலையாண்டி, அங்கிருந்து நேரே கமுதிக்கு மாரீஸ்வரன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மாரீஸ்வரனின் தாய் பூமயில் இடது கையால் காபியை நீட்டி, தப்பாக நினைக்க வேண்டாம் என்றாள். வலது கையில் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணி சுற்றியிருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டாளாம்.

மலையாண்டி துணியை அவிழ்க்கச் சொல்லி விரல்களைப் பார்த்தார். மாரீஸ்வரனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இது நெருப்புச் சூடு இல்லம்மா. எதையோ கிள்ளிப் பிடிச்ச மாதிரி ரெண்டு விரல் நுனிலயும் மட்டும் கொப்பளிச்சிருக்கு. நைட்ரஜன் குளிர் பட்டா இப்படித்தான் ஆகும், எனக்கும் வந்திருக்கு. லேபிள்ல ஒட்டியிருக்கது திருநீறு."

அவள் மறைக்கவில்லை. உருக்குவதற்கு முந்தின நாள் ராமேஸ்வரம் கோயில் திருநீற்றோடு போய், நாகஜோதியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். அவளும் மனமிரங்கிக் குப்பியை வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

"எம்புட்டு நேரம்மா வெளிய இருந்துச்சு?"

"பூசி, கும்பிட்டு... அஞ்சு நிமிசம் இருக்கும். ஐஸா இருந்துச்சுய்யா. பிள்ளைக்குக் குளிருமேன்னு முந்தானைல பொத்தி வச்சேன்."

மலையாண்டி குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குளிர்லதாம்மா அது உசுரோட இருந்துச்சு. சூடு பட்டதும் போயிருச்சு. அதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அந்த லேப் பிள்ளை."

துப்புத் துலங்கியதில் வீரமணிக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. கேஸ் நிற்கும் என்று துள்ளியதை நினைக்க வெட்கமாக இருந்தது. மாரீஸ்வரன் தாயைத் திட்டவில்லை. மிளகாய்க் காட்டுக்குப் போன மனைவி திரும்பும் நேரம் என்று மட்டும் சொன்னான். அவளிடம் இதை யார் சொல்வது என்று கேட்டான்.

பூமயில் எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

"நானே சொல்றேன்."