பின்சுவரில் ஒரு துளை

செவ்வாய்க் கிரகத்து நிலவறைக் குடியிருப்பில் மீனுக்கும் குடும்ப அட்டையில் பெயர் உண்டு. காலையில் கணக்கெடுக்க வரும் பொறியாள் என்கிற இயந்திர மனிதன் வீட்டில் இருப்பவர்களை எண்ணிவிட்டு, தொட்டியையும் எட்டிப் பார்த்து ஒரு தலையைச் சேர்த்துக்கொள்ளும். பூமியிலிருந்து வந்த மீன், வீட்டுக்கு ஒன்றுதான். செத்தால் இன்னொன்று கிடையாது.

மங்கையர்க்கரசி வீட்டு மீனின் பெயர் ராசாத்தி. பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கும் கணவன் பூபாலனுக்கும் அதுதான் எல்லாம். அந்த ராசாத்தி சில நாளாக மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. தொட்டித் தண்ணீர் வெந்நீராகிக்கொண்டிருந்தது.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். தொட்டியின் விளக்குமூடியில் இரண்டு விளக்கு போதும். இவர்கள் ஆறு போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கண்ணுக்கு மீன் தங்கமாக மின்ன வேண்டாமா? சூட்டைத் தணிக்க விசிறி வைக்க அனுமதி கேட்டுப் போன மங்கையர்க்கரசியிடம், நான்கைக் கழற்றிவிடுங்கள், சூடு தானாகக் குறையும் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலரான பொறியாள் பணிவாகச் சொன்னது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் எட்டு எரிகிறதே, அங்கே போய்ச் சொல்ல வாய் வராதா என்று கேட்டாள். விசிறி வைக்க அனுமதி கொடுக்காவிட்டால் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வைத்தும் விட்டாள். பழைய விண்வெளி உடையிலிருந்து உள்ளங்கை அளவு விசிறிகள் இரண்டைப் பூபாலன் கழற்றினான். விளக்குமூடியின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் அறுத்து, இரண்டும் அனலை வெளியே தள்ளும்படி திருகி முடுக்கினான். தள்ளிய அனல் வீட்டுக்குள்ளேயே நின்றால் என்ன பயன்? பின்சுவரில் துளை போட்டு ஒரு குழாயைச் சொருகினான். சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று இருவருக்கும் நன்றாகவே தெரியும்.

மறுநாள் ராசாத்தி குதூகலமாகச் சுற்றியது. பின்வீட்டுச் சகாயமேரியின் மீன் மூச்சு வாங்கத் தொடங்கியது. அவள் வந்து சண்டை போட்டாளா? இல்லை. அவளும் விசிறி வைத்தாள், அடுத்த சுவரில் துளை போட்டாள். சுவர் சுவராக அனல் நகர்ந்தது. அங்கே வீடுகள், ஒன்றின் பின்சுவரே அடுத்ததன் முன்சுவராக, வட்டமாகக் கட்டப்பட்டவை. பூட்டிய பாதாளத்துக்குள் அனல் வேறு எங்கே போகும்? ஒரு சுற்று சுற்றி, ஒரு காலை மங்கையர்க்கரசியின் முன்சுவரில் புதிதாக முளைத்த குழாய் வழியாக அவள் முகத்திலேயே அடித்தது.

"வாயில்லா ஜீவன் இருக்குற வீட்டுக்குள்ள அனலை விடுறாங்களே, இவங்கல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்குறாங்களா?" என்று பூபாலனிடம் பொருமினாள்.

சங்கத்தைக் கூட்டச் சொன்னவளும் அவளே. வந்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் மீன் துடித்துக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அடுத்தவரைத்தான் திட்டினார்கள். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு செயலர் பேசியது.

"கூடுதல் விளக்குகளை எல்லோரும் இப்போதே அணைத்துவிட்டால் மாலைக்குள் தண்ணீர் குளிர்ந்துவிடும். எல்லா மீனும் பிழைக்கும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. மங்கையர்க்கரசி எதிர்வீட்டுக்காரியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"மொதல்ல அவங்க அணைக்கட்டும். அப்புறம் நான் அணைக்கிறேன்."

ஒவ்வொருவரும் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் வீட்டுக்கு வீடு இன்னும் பெரிய விசிறி வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். செயலரின் ஒரே ஒரு எதிர்ப்பு வாக்கு செல்லாது என்றும் அறிவித்தார்கள். மனிதர் அல்லவாம்.

வீட்டுக்கு வந்தபோது ராசாத்தி பக்கவாட்டில் மிதந்தது. ஆறு விளக்கு வெளிச்சத்தில் தங்கமாகத்தான் மின்னியது. மங்கையர்க்கரசி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த எதிர்வீட்டுக்காரி மட்டும் விளக்கை அணைத்திருந்தால் என் கண்ணு பிழைத்திருக்குமே என்று வட்டம் முழுக்கக் கேட்கும்படி புலம்பினாள்.