நாலு விரல் தூரம்

யோகைரி மூச்சை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால், ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பாட வந்த வரி அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. துணி அலமாரிக்குள் கும்மிருட்டு. ஆள் ஒருத்தி நிற்கவும் கையை மடக்கவும் மட்டுமே இடமிருந்த அந்தப் பொந்துக்குள் தம்பி ஸ்டார்லின் பழைய போர்வைகளைச் சுற்றிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான்; அவற்றிலிருந்து பூச்சி உருண்டை வாசமும், எப்போதோ நனைந்து சரியாகக் காயாத பஞ்சின் புளித்த வாடையும், அவளுடைய வியர்வையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைத்தன. கதவு தானாகத் திறந்துகொள்கிற கதவு. அதனால் வெளியே மெத்தையைச் சாய்த்து, அதற்கு மேசையை முட்டுக் கொடுத்திருந்தான். அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி கண்டன்சர் மைக் தொங்கியது.

"என்னக்கா, தூங்கிட்டியா?" ஸ்டார்லினின் குரல் ஹெட்போனில் வந்தது.

"உள்ள ஏதோ சத்தம்டா. மூச்சு விடுற மாதிரி."

"பக்கத்து வீட்டு மிலேதிஸ் அம்மாவா இருக்கும். மூணு வீடு தள்ளி வாழைக்காய் பொரிச்சாலே இந்த மைக்குல கேக்கும், அவங்க இழுப்பு கேக்காதா? நீ பாடு. கரண்டு வந்துட்டா தொலைஞ்சோம்."

கரண்டு போனால் வில்லா ஹுவானாப் பேட்டை முழுக்கத் திட்டித் தீர்க்கும். ஸ்டார்லின் ஒருவன்தான் துள்ளிக் குதிப்பான். எதிரே கொல்மாடோ இருக்கிறதே, பேருக்குத்தான் அது மளிகைக்கடை. அதன் வாசலில் நிற்கும் ஆளுயர ஸ்பீக்கர் காலையில் தொடங்கினால் பச்சாத்தாப் பாட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். கரண்டு போனால்தான் அதன் வாய் அடையும். அந்தக் கொஞ்ச நேர அமைதியில், இன்வர்ட்டரின் தயவில், அவன் அக்காவின் குரலைப் பிடித்தாக வேண்டும்.

யோகைரி வருஷக்கணக்காக மற்றவர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள். அவள் குரலை ஊரே கேட்டிருக்கிறது, அவள் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது பெரிய இசையமைப்பாளர் ஒருவர் தன் தாளத்தை அனுப்பியிருந்தார். இன்று பொழுது சாய்வதற்குள் குரல் வந்தால் பாட்டு உன்னுடையது, இல்லாவிட்டால் சாந்தியாகோக்காரி ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் பழைய சாமான் கடைக்காரனிடமிருந்து இரண்டு மைக் வாங்கி வந்திருந்தார்கள். இரண்டிலும் பாடிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம். கண்டன்சரில் தன் குரலை முதன்முதலாகக் கேட்டபோது, இது நானா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை.

தாளம் மறுபடி தொடங்கியது. "இந்தத் தெருவுக்கே என் பேரைச் சொல்லு" என்று அவள் பாடினாள். இரண்டாவது வரிக்கு முன்னால் அதே மூச்சு. இந்த முறை அதற்கு அவசரமில்லை. நீளமாக, சளி கட்டிய நெஞ்சின் கரகரப்போடு, இருட்டையே உறிஞ்சுவதுபோல் உள்ளே போனது. பிறகு நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். பிறகு பல்லோடு பல் உரசும் சத்தம்.

மிலேதிஸ் அம்மாவுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

"ஸ்டார்லின், கதவைத் திறடா."

மேசை நகர்ந்தது, மெத்தை விழுந்தது. அவள் சாயங்கால வெளிச்சத்துக்கு வந்தாள். ஸ்டார்லின் பதிவானதைப் போட்டுக் கேட்டான். அவன் முகத்தில் இருந்த இளிப்பு மறைந்தது.

"எலியா இருக்கும்க்கா."

"எலி சப்புக்கொட்டுமா?"

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு போர்வையாக அமுக்கிப் பார்த்தான். பஞ்சு, பஞ்சுக்குப் பின்னால் சுவர். வேறொன்றுமில்லை.

"சரி, இந்த மைக் வேண்டாம். மத்தது டைனமிக், சுத்தச் செவிடு. நாலு விரல் தள்ளி இருக்கறது எதுவும் அதுல ஏறாது. நான் பக்கத்துல நின்னு சட்டியைத் தட்டினாலும் கேக்காது."

"குரல் மட்டமா இருக்குமேடா."

"மூச்சு இல்லாம இருக்கும்ல? அதைப் பாரு."

ஜன்னலில் வெயில் சிவந்துகொண்டிருந்தது. உள்ளே போகாதே என்று அவள் உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் சாந்தியாகோக்காரி காத்திருந்தாள். ஸ்டார்லின் கண்டன்சரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். யோகைரி அலமாரிக்குள் போனாள்.

டைனமிக்கின் வலை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. யார் யாரோ பாடிய எச்சிலின் ஊசல் வாடையும் துருவும் அதில் படிந்திருந்தன. அதில் உதடு படவே நிற்க வேண்டியிருந்தது. கதவு மூடியது. மெத்தை. மேசை. ஹெட்போனில் அவள் இதயத்துடிப்பைத் தவிர ஒன்றுமில்லை.

முதல் வரி பாடினாள். ஒன்றுமில்லை. இரண்டாவது வரி. ஒன்றுமில்லை. நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பே வந்தது. மூன்றாவது வரிக்காக வாயைத் திறந்தாள்.

மூச்சு.

இரண்டு காதும் அதிர்ந்தன. கண்டன்சரில் கேட்டதைவிடப் பெரிதாக, ஈரமாக, முழுதாக.

நாலு விரல்.

பக்கத்து வீடு இல்லை. எலி இல்லை. சுவருக்குப் பின்னால் இல்லை.

இடது கையை மெல்லத் தூக்கினாள். மைக்கைத் தாண்டி நீட்டினாள். விரல் நுனியில் ஏதோ பட்டது. குளிர்ச்சியாக. வழவழப்பாக.

பல். மேலே ஈறு. சுற்றி உதடு இல்லை.

மைக் அவள் வாயில் வந்து மோதியது. முன்பல் உடைந்து தொண்டைக்குள் போனது. கத்துவதற்குள் விரல்கள் உள்ளே நுழைந்துவிட்டன. நாக்குக்கு அடியில் நகம் இறங்கியது. கடித்தாள். எலும்புவரை கடித்தாள். அது கையை எடுக்கவில்லை. பின்மண்டை சுவரில் மோதியது. மறுபடி. மறுபடி. ரத்தம் மூக்கு வழியாக வந்தது. கதவை உதைத்தாள், மெத்தை அந்தச் சத்தத்தை விழுங்கியது. முழங்கையால் இடித்தாள், போர்வை விழுங்கியது. கண்டன்சராக இருந்திருந்தால் அவள் நகம் பலகையைக் கீறுவதுகூடத் தம்பிக்குக் கேட்டிருக்கும். அது வெளியே பெட்டிக்குள் இருந்தது.

டைனமிக், அவள் வாயிலிருந்து நாலு விரலுக்கு அப்பால், பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆம், பாட்டு நிற்கவில்லை. அவள் குரல். ஒரு பிசிறு இல்லை. அவளால் ஒருநாளும் பாட முடியாத அளவுக்கு நன்றாக.

"அப்படித்தான்க்கா." ஸ்டார்லின் அழுதுவிடுவான் போலிருந்தது. "இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

நகங்கள் அவள் மூக்குக்குக் கீழே வந்து நின்றன. பிடித்தன. கிழித்தன.

கீழே சரிந்தாள். அப்போது தெரு முழுக்கக் கூச்சலும் விசிலும் எழுந்தன. கொல்மாடோ ஸ்பீக்கர் வாயைத் திறந்ததில் தரை அதிர்ந்தது. கரண்டு வந்துவிட்டது. அலமாரியில் அணைக்க மறந்திருந்த பல்பு எரிந்தது.

"பாரேன்க்கா, கொல்மாடோ சத்தம் ஒரு பொட்டுகூட ஏறலை. இந்த மைக்கையே வச்சுக்கலாம். எங்க, இன்னொரு தடவை, கோரஸ் மட்டும்."

பதில் சொல்லப் பார்த்தாள். கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். மூக்குக்குக் கீழே பற்கள் மட்டும்தான் கைக்கு அகப்பட்டன.

எதிரே, இரண்டு போர்வைகளின் நடுவிலிருந்து கண்ணில்லாத, நெற்றியில்லாத ஒரு முகம் மைக்கை நோக்கி நீண்டிருந்தது. அதன் பல்வரிசையின்மேல், ரத்தம் சொட்டச் சொட்ட, அவளுடைய உதடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை வலையில் படும்படி நெருங்கி, கோரஸைப் பாடத் தொடங்கின.