பாறை உச்சியில் எடுத்த அளவு

"ஏங்க... இடி இடிக்குது, பாறை மேல நின்னுக்கினு இன்னா பண்றீங்க? எறங்குங்க!"

செவ்வந்தி திரும்பினாள். செல்போன் டவரைப் பழுது பார்க்க ஆலங்காயத்திலிருந்து வந்த ஆள், மழையில் தொப்பலாக நனைந்து கீழே நின்றிருந்தான். அந்தக் கண்களில் கோபம் இல்லை, பயம் இருந்தது. தனக்காக யாரோ ஒருவன் பயப்படுகிறானே...

"உங்க வேலையப் பாருங்க."

கையிலிருந்த சின்னக் கருவியைத் தலையின் வலப்பக்கம் வைத்தாள். இருபத்தாறு! நேற்றைவிட இரண்டு கூட. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் ஏறி வந்து கை கொடுத்தான். பெயர் ரஞ்சித்குமாராம். டவர் அறைக் கூரையின் கீழ் ஒதுங்கியதும், ஏனோ அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். போன வருஷம் சந்தைக்குப் போன வேன் கவிழ்ந்து தலையில் அடி. மண்டைக்குள் நீர் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க, உள்ளே அரிசி மணி அளவுக்கு ஒரு சென்சார். ஒயர் கிடையாது. மேலே கருவியை வைத்தால் அளவு சொல்லும். செல்போன் வழியாக வேலூர் டாக்டருக்குப் போகும். சந்தவாசலில் அக்கா வீட்டில் இருந்தவரை பத்து, பன்னிரண்டு என்று சரியாகத்தான் இருந்தது. மலைக்குத் திரும்பிய பத்து நாளாக ஏற்றம். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

"மறுபடியும் மண்டையத் தொறப்பாங்களாம்..." தலைத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"தெனமும் இங்கியா அளக்கிறீங்க?"

"டவர் கெடைக்கிற எடம் இது ஒண்ணுதானே? வூட்லேர்ந்து முக்கா மணி நேரம் ஏத்தம்."

"மூச்சு வாங்க ஏறி வந்து ஒடனே வெச்சா ஏறாம இன்னா பண்ணும்? அனுப்பத்தாங்க டவர் வேணும், அளக்கிறதுக்கு வேணாம். வூட்ல அமைதியா உக்காந்து எடுங்க. அப்பறம் இங்க வந்து அனுப்புங்க. டாக்டருக்கும் இதச் சொல்லிடுங்க."

மறுநாள் வீட்டில் எடுத்தாள். பதினொன்று. அதற்கு அடுத்த நாள் பத்து. ஓடிவந்து அவனிடம் காட்டினாள். டவர் வேலை முடிந்தும் அவன் அங்கேதான் நின்றிருந்தான்.

"வெள்ளிக்கிழமை நானும் கூட வர்றேங்க."

சுருக்கென்றது. தலையில் தழும்போடு நிற்கிறவள் மேல் இரக்கம்... அவ்வளவுதானே?

"பரிதாபம்லாம் எனக்கு வேணாம்" என்று இறங்கிவிட்டாள். வழியெல்லாம் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை என்றார். அந்த நிமிடம் அவனிடம் ஓடிச் சொல்லத்தான் மனசு அடித்துக்கொண்டது. ஆலங்காயத்தில் பஸ் மாற இறங்கினால்... மழையில் அவன்! காலையிலிருந்து நிற்கிறானாம்.

"ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழைத்தண்ணீர் இல்லை அது.

"நாளைக்கே அளவு ஏறினாலும் ஏறும்ங்க. அப்ப இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"சேர்ந்து வேலூர் போவோம். பரிதாபம் இல்லீங்க... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

அவள் மலைக்குப் போக வேண்டிய ஜமுனாமரத்தூர் பஸ் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்து அவன் பதறினான்.

"ஏங்க, மொகமெல்லாம் செவந்திருக்கு. கருவிய வெச்சுப் பாருங்க!"

"வேணாம்..." அவள் தலை குனிந்தாள். "இப்ப ஏறித்தான் காட்டும். டாக்டர் காரணம் கேட்டா, உங்க பேரத்தான் சொல்லணும்."