பூட்டு எடுத்தவர்: இன்னாசி

எண்ணூர் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே ரேகாவுக்குக் குமட்டியது.

மதியம் இரண்டு மணி. மீன் மாவு ஆலையின் முற்றத்தில் பன்னிரண்டு டன் காரப்பொடி மீன் மூன்று நாளாக வெயிலில் குவிந்து கிடந்தது. குவியல் லேசாக அசைந்தது. அசைந்தது மீன் அல்ல, புழு. அடியிலிருந்து கசிந்த பழுப்பு நீர் செருப்புக்குள் புகுந்து விரலிடுக்கில் வழவழத்தது.

மேனேஜர் கருணாகரன் கண்ணாடிக் கேபினில் ஏசி போட்டுக்கொண்டு இறால் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு இறால் தலையை உறிஞ்சி முடித்து, அதே விரலால் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"உன் புரோகிராம்தாம்மா மூணு நாளா கழுத்தை அறுக்குது. குக்கர் பூட்டை எவனோ புடிச்சுட்டு விட மாட்டேங்கறான். நாலு மணிக்குள்ள விட வை."

குக்கர் என்பது லாரி நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை. உள்ளே ஆள் உயரத் திருகு. சுற்றிச் சுற்றி மீனை வேகவைத்து நசுக்கித் தள்ளும். அடைப்பு எடுக்க ஆள் உள்ளே இறங்கவேண்டும். முன்பெல்லாம் இறங்குகிறவன் மோட்டார் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவான். அவன் ஏறி வந்து திறக்கும்வரை மோட்டாரை யாரும் தொட முடியாது.

இரண்டு வருடமாக அந்த வேலையை ரேகாவின் புரோகிராம் பார்த்தது. அதற்குள் ஆறு த்ரெட்கள். ஒரே நேரத்தில் தனித்தனியாக உழைக்கும் ஆறு வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு ஒன்று, நீராவிக்கு ஒன்று, கார்டு தேய்ப்பவர்களைக் கவனிக்க ஒன்று, இப்படி. ஆனால் குக்கருக்குப் பூட்டு ஒன்றே ஒன்று. இறங்குகிறவன் தன் அடையாளக் கார்டைக் கருவியில் தேய்த்தால் பூட்டு அவன் பெயருக்குப் போகும். ஏறி வந்து மறுபடி தேய்த்தால்தான் மோட்டார் த்ரெட்டுக்குக் கிடைக்கும்.

எடுத்தவன்தான் விடவேண்டும். பூட்டுக்கு அதுதான் தர்மம்.

அந்தத் தர்மத்தில் அவளே ஓட்டை போட்டிருந்தாள். வெளியே வந்தவர்கள் கார்டு தேய்க்க மறந்துவிடுகிறார்கள், ஆலை நின்றுபோகிறது என்று கருணாகரன் நச்சரிக்க, பதினோரு வரி சேர்த்துக் கொடுத்தாள். இருபது நிமிடம் தாண்டினால் புரோகிராமே பூட்டைப் பிடுங்கிவிடும்.

திரையைப் பார்த்தாள்.

ஏழு த்ரெட்கள்.

அவள் உருவாக்கியது ஆறுதான். ஏழாவது எங்கே தொடங்கியது என்பதற்குத் தடயமே இல்லை. எதிரே ஒரு வரி மட்டும்: 'பூட்டு எடுத்தவர்: இன்னாசி.' இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பூட்டு பிடுங்கப்பட்டிருந்தது. மோட்டார் கை நீட்டுவதற்குள் மறுபடியும் இன்னாசி. மூன்று நாளாக இதே பந்தயம்.

"அடைப்பு எடுக்கற இன்னாசி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாருன்னு சொன்னீங்களே சார்?"

"ஆமா, போன மாசம். அவன் கார்டு எவன் கையிலயோ மாட்டியிருக்கு. விளையாடறானுங்க."

கார்டு தேய்க்கும் கருவி குக்கர் பக்கத்தில் இருந்தது. அங்கே உதயா மண்வெட்டியோடு நின்றான். இன்னாசியோடு பத்து வருடம் வேலை பார்த்தவன். அவள் கேட்டதும் காறித் துப்பினான்.

"இன்னா அட்டாக்கு? அட்ப்பு எடுக்க எறங்குனாருக்கா அண்ணாத்த. பெரிய அட்ப்பு. இருவத்திமூணு நிமிசம் ஆச்சு." குரலைத் தாழ்த்தினான். "அதுக்குள்ள தானா சுத்திச்சு."

ரேகா குக்கரின் வாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாடி?"

"ஒரு வாளி கெட்ச்சிது. மீதி மீனோட மீனா வெந்து பூட்சு. அந்த லோடைக் கொட்டிடு சார்னு கையெடுத்துக் கும்ட்டோம். இந்தக் கலீஜு புட்ச்ச ஆளு மூட்டை கட்டி எறால் பண்ணைக்குத் தீனியா அன்ப்ச்சிட்டான்."

சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தாள். வயிறு காலியான பிறகும் நிற்கவில்லை. பதினோரு வரி. அவள் எழுதிய பதினோரு வரி.

முகம் கழுவிக் கேபினுக்குத் திரும்பியபோது திரையில் புதிதாக ஒரு வரி.

'காத்திருப்பவர்: உதயா.'

"உதயா எங்க சார்?"

"குக்கர்ல எறக்கியிருக்கேன். வாயெல்லாம் அடைச்சுக் கெடக்கு, வழிக்கட்டும். பூட்டுதான் மாட்டிக்கினு கெடக்குதே, உனக்கென்ன பயம்?"

அடுத்த பிடுங்கலுக்கு ஒரு நிமிடம் பத்து நொடி. வரிசையில் முதலில் மோட்டார். அதற்குப் பின்னால்தான் உதயா.

இத்தனை தடவையும் ஏழாவது முந்திக்கொண்டது. இந்தத் தடவை மோட்டார் முந்திவிட்டால்?

புரோகிராமை நிறுத்தவும் வழியில்லை. அது நின்றால் மோட்டார் பூட்டைப் பார்க்காமல் தானே ஓடத் தொடங்கிவிடும்; ஆலை ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாதென்று கருணாகரன் செய்துவைத்த ஏற்பாடு.

"மெயினை ஆஃப் பண்ணுங்க சார்! உள்ள ஆள் இருக்கு!"

"பண்ணா பாய்லர்ல நீராவி ஆறிடும்மா. மறுபடி ஏத்த ஆறு மணி நேரம்." மெயின் அறைச் சாவி அவர் சட்டைப் பையில். எண்ணெய் விரல்களால் பையைப் பொத்திக்கொண்டார்.

அவள் ஓடினாள். அழுகலில் வழுக்கி விழுந்தாள். முழங்கைவரை புழு. எழுந்து இரும்புப் படியேறிக் குக்கரின் வாய்க்குள் தலையை நீட்டினாள். சூடான பிணநாற்றம் முகத்தில் அறைந்தது.

"உதயா! மேல வாடா!"

கருவியின் சின்னத் திரை மின்னியது. 'பூட்டு பிடுங்கப்பட்டது.'

மோட்டார் உறுமியது.

திருகு அசைந்தது. ஒரு சாண்.

நின்றது.

மோட்டார் உறுமிக்கொண்டேயிருந்தது. திருகு நகரவில்லை. உள்ளே எதுவோ நொறுநொறுவென்று நெறிபட்டது.

'பூட்டு எடுத்தவர்: இன்னாசி.'

உறுமல் அடங்கியது.

உதயா தவழ்ந்து மேலே வந்தான். தலையிலிருந்து கால்வரை பழுப்புக் கூழ். பற்கள் அடித்துக்கொண்டன.

"உள்ள ஆள் கீதுக்கா... எனக்கும் திருகுக்கும் நடுவுல பூந்துகிச்சு. மெத்துனு... வெந்த கறி கணக்கா. மூஞ்சில ஒட்டிகினு..." முடிக்காமல் குனிந்து ஓக்காளித்தான்.

"கார்டைத் தேய்," என்றாள். தேய்த்தான். அவன் பெயர் மறைந்தது.

கருவி இன்னொரு தடவை 'பீப்' என்றது.

யாரும் தேய்க்கவில்லை.

'பூட்டு விடப்பட்டது. விட்டவர்: இன்னாசி.'

கேபின் வாசலில் கருணாகரன் கை தட்டினார். "விட்டுட்டான் பாரு! சபாஷ் ரேகா! மோட்டார் ட்ரிப் ஆயிருக்கு, சாப்ட்டு முடிச்சிட்டு நானே ஆன் பண்றேன்!" கதவு சாத்திக்கொண்டது.

ரேகா அசையவில்லை. அந்த விதி அவள் எழுதியது. பூட்டை விட்டால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

சொத்.

முதல் படியில் ஈரம் விழுந்தது.

சொத். சொத்.

உதயா அவள் கையை இறுக்கினான். இருவருக்கும் நடுவே வெந்த கறியின் வெப்பம் ஒன்று உரசிக்கொண்டு கீழே இறங்கியது. முற்றத்தில் புழுக்கள் விலகி வழிவிட்டன. வழுவழுப்பான ஒரு கோடு, எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல, கேபின்வரை நீண்டது.

கதவு திறக்கவில்லை.

உள்ளே கருணாகரன் மூக்கைச் சுளித்தார். தட்டை மோந்து பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

நிமிரவில்லை.

கண்ணாடியின் உட்பக்கம், பழுப்பாக ஏதோ மெதுவாக மேலேறத் தொடங்கியது.