கடிவாய்

அங்கப்பன் தோட்டத்தில் வண்டியை நிறுத்தியதும் திருமலைசாமிக்கு முதலில் உறுத்தியது, ஈ இல்லாததுதான். குப்பைக்குழி ஓரம் முப்பது கோழிகளுக்குக் குறையாமல் செத்துக் கிடந்தன. சேவலும் பெட்டையுமாகக் கால்களை விறைத்துக்கொண்டு, பின்பக்கத்து இறகு மட்டும் பிய்க்கப்பட்டு, காலையிலிருந்து வெயிலில் கிடப்பவை. ஒரு எறும்புகூட மொய்க்கவில்லை. தென்னை மட்டைகளில் உட்கார்ந்திருந்த காக்கைகள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தன. இறங்கவில்லை.

தொண்டாமுத்தூர் கால்நடை மருந்தகத்தில் அவர் பதினோரு வருஷமாக ஆய்வாளர். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் என்று மதியம் ஆள் வந்து சொன்னதால் தடுப்பூசியோடு கிளம்பி வந்திருந்தார். பிய்த்த இறகைப் பார்த்ததும் எரிச்சல் மூண்டது. இது கழிச்சல் இல்லை. பாம்பு கடித்தவருக்குக் கோழி வைத்திருக்கிறார்கள். கோழியின் பின்பக்கத்தைக் கடிவாயில் வைத்து அழுத்தினால் விஷத்தை அது உறிஞ்சிக்கொண்டு சாகுமாம். எந்தக் கோழி சாகவில்லையோ, அதோடு விஷம் தீர்ந்ததாம்.

வீட்டு முன்னால் நின்றே அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். கடிக்கிற பாம்பில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது, விஷப்பாம்பும் பல நேரம் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போய்விடும், ஆள் எப்படியும் பிழைப்பான் என்றார். கோழியைக் கொல்வது வைத்தியனின் கட்டைவிரல். அழுத்துகிற சாக்கில் கழுத்தை நெரித்தால் எது பிழைக்கும்? போதும் என்று தோன்றும்போது பிடியைத் தளர்த்தினால் கடைசிக் கோழி உயிரோடு இருக்கும், பேர் வைத்தியனுக்கு.

யாரும் கோபப்படவில்லை. அங்கப்பன் அவரைத் தாண்டிப் போய் வெளிக்கதவைச் சாத்திக் கொண்டி போட்டார். சுவரோரம் குந்தியிருந்த வைத்தியர் சுந்தரராஜுலு தலையைத் தூக்கினார். கண் குழிந்து, தூங்கி நாளான முகம். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்.

"சார் சொல்றது நெசந்தானுங்க. மொத மூணு கோழிய நாந்தான் அமுக்குனேன். நாலாவதுல இருந்து கைய உட்டுப்போட்டேன். அப்பறமும் சாகுதுங்க."

அங்கப்பன் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். நாலு நாளைக்கு முன்னால் வாய்க்கால் ஓரம் அவர் மனைவி தெய்வாத்தாளைக் கடித்திருக்கிறது. என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. கோயமுத்தூரில் ஒரு நாள் வைத்திருந்து, ரத்தத்தை இரண்டு தடவை சோதித்து, விஷமே ஏறவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மனசுக்கு ஒரு ஆறுதலாகத்தான் வைத்தியரைக் கூட்டிவந்தாராம். பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று திருமலைசாமி அங்கப்பனிடம் கேட்டார்.

"நிறுத்துனா அம்மணிக்கு மூச்சு நின்னுபோகுதுங்க."

உள்ளறையில் சாம்பிராணிப் புகையும் கோழி எச்சமும் கலந்த நெடிக்கு அடியில், புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து வருகிற ஈரமண் வாசம் ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவர் கணுக்காலில் பட்டது போலிருந்தது. கயிற்றுக் கட்டிலில் தெய்வாத்தாள் சாய்ந்திருந்தாள். போன மாதம் மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்தபோது வாளியில் வெந்நீர் கொண்டுவந்தவள் இவள்தான். அன்று தலை பாதி நரைத்திருந்தது, மூட்டுவலியில் சுவரைப் பிடித்து நடந்தாள். இப்போது முடி வேர்வரை கறுப்பு. கன்னம் மினுங்கியது. முப்பது வயதுகூடச் சொல்ல முடியாது.

நீட்டிய காலில் இரண்டு பொட்டுப் புள்ளிகள். நாலு நாள் ஆகியும் பொருக்குத் தட்டவில்லை. ஈரமாக இருந்தன.

கூடையில் மிச்சமிருந்த ஒரே பெட்டையை அவரே எடுத்தார். இந்தக் கூத்தை இன்றோடு முடித்துவிட வேண்டும். விரல் எதுவும் கழுத்துப் பக்கம் போகாமல், இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கடிவாயில் லேசாக வைத்தார். இறகுக்கடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கோழி திமிறவில்லை. கொண்டை மெல்ல வெளுத்தது. படபடப்பு தணிந்தது. இன்னும் தணிந்தது. கையில் கனம் குறைந்தது.

நின்றது.

அவர் நிமிர்ந்தார். தெய்வாத்தாளின் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. படபடவென்று, எண்ண முடியாத வேகத்தில். எந்த மனுஷருக்கும் அப்படி அடிக்காது. அவர் கையில் இப்போது நின்றுபோன அதே துடிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் உதட்டை நக்கிக்கொண்டாள்.

கோழிக்கு எந்த விஷமும் இறங்கவில்லை. கோழிதான் அவளுக்குள் இறங்கியிருந்தது.

திரும்பவும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கப்பன் வாசற்படியை மறித்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர். ஊரில் இனி யாரும் கோழி தரமாட்டார்கள் என்று அங்கப்பன் நிதானமாகச் சொன்னார். ஒரு கோழி இப்போதெல்லாம் கால் மணி நேரத்துக்குக்கூடப் போதவில்லையாம். காலையில் வைத்த வெள்ளாடு மதியம் வரைதான் தாங்கியதாம்.

"கழிச்சல்னு சொன்னாத்தானுங்க சார் வருவீங்க."

வெளியே சுந்தரராஜுலு அழுகிற சத்தம். வாசலில் நின்றவர்களின் இடைவெளியில் அவர் தெரிந்தார். துண்டு நழுவியிருந்தது. முழங்கைக்குக் கீழே கை வெளுத்து, வற்றி, எலும்பின் மேல் தோல் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது. விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கியிருந்தன.

ஆட்கள் இரண்டு பேரும் உள்ளே வர, கதவு சாத்தப்பட்டது.

அவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். இரும்புக் கம்பி. தோளைப் பிடித்தார்கள். கத்தினார். சுற்றிலும் தென்னந்தோப்பு. காக்கைகூடக் கரையவில்லை.

தெய்வாத்தாள் காலைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்திக் கொடுத்தாள். விருந்தாளிக்கு இடம் விடுகிறவள் மாதிரி.

"பயப்படாதீங்க சார். கொஞ்ச நேரந்தானுங்க."

அவர் உள்ளங்கையை விரித்துக் கடிவாயில் அழுத்தினார்கள். வலி இல்லை. இரண்டு சின்ன ஈரப் புள்ளிகள் மட்டும். பிறகு குளிர். விரல். மணிக்கட்டு. முழங்கை.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அவள் கழுத்தில் நரம்பு மறுபடி துடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை மெதுவாக, நிதானமாக. அவருக்கு நன்றாகத் தெரிந்த துடிப்பு. நாற்பத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது.

அவர் நெஞ்சில் ஒன்றும் அடிக்கவில்லை.

அவள் கழுத்தில் அடித்தது.