நாற்பத்தேழாம் பக்கத்து முற்றம்

தாலின் மாநகரின் பழைய பகுதியைச் சுற்றிப் பார்க்க ஹெல்வே எழுதிய சிறிய வழிகாட்டிப் புத்தகத்துக்கு வாசகர் கடிதம் வருவது புதிதல்ல. காபிக்கடை மூடிக் கிடந்தது, படிக்கட்டு நீங்கள் எழுதியதைவிடச் செங்குத்து என்று யாராவது ஒருவர் குறைப்பட்டுக்கொண்டே இருப்பார். பிப்ரவரியில் பின்லாந்திலிருந்து வந்த கடிதத்தில் குறையே இல்லை.

'நாற்பத்தேழாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன முற்றத்துக்கு ஆகஸ்டில் போனோம். என் மனைவி ஔனேவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அங்கேயே இருந்துவிட்டாள். அடுத்த முறை போகும்போது, பூனை செத்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். நன்றியுடன், கவுக்கோ.'

அப்படி ஒரு முற்றத்தைப் பற்றி ஹெல்வே எழுதவே இல்லை.

புத்தகத்தைப் புரட்டினாள். இருந்தது. 'ரொட்டிக்கடைக்கு வலப்பக்கம் கதவில்லாத வளைவு. தலை குனிந்து நுழையுங்கள். அவசரம் வேண்டாம்.' அவள் நடைதான். அந்த 'அவசரம் வேண்டாம்'கூட அவளுடையதுதான்.

அச்சுக்குப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கிற டார்மோவுக்குப் போன் போட்டாள்.

"நாற்பத்தேழு யாருடா எழுதினது?"

"நல்லாக் கேட்டீங்க. நீங்கதான். அச்சுக்குப் போற அன்னைக்குக் காலையில கையால எழுதிக் கொண்டுவந்து குடுத்தீங்களே. கோட்டெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துது. ஒரு வார்த்தை பேசல."

"அந்த வாரம் பூரா நான் இந்த ஊர்லயே இல்ல, தார்த்தூ ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தேன், டார்மோ."

டார்மோ சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. "விளையாடாதீங்க."

"எத்தனை புத்தகம் போயிருக்கு?"

"மூவாயிரம் இருக்கும்."

மூவாயிரம் பேர் கையில் அந்தப் பக்கம் இருக்கிறது என்ற நினைப்புதான் அவளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப வைத்தது. உச்சிப்பொழுது. கூரைகளிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருக்க, சதுக்கத்தில் சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாமின் வாசனையும், அதை விற்கிற பெண்ணின் கம்மிய குரலும், துறைமுகத்துப் பறவைகளின் கத்தலும் கூடவே வர, ஐம்பது வருஷமாக நடந்த சந்தில் நடந்து ரொட்டிக்கடைக்கு வந்தாள். அதன் வலப்பக்கம் என்றைக்கும் வெறும் சுவர்தான்.

இன்றைக்கு வளைவு இருந்தது.

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஆளைக் கூட்டி வந்து அடைத்துவிடலாம் என்று நினைத்தாள். குனிந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் பாதாம் வாசனை போய் ஈரக் கம்பளி நாற்றம் வந்தது. பறவைகள் நின்றன. சொட்டுச் சத்தம் நின்றது. அவள் பூட்ஸ் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

முற்றம்.

நாலு சுவரோரமும் நீளமான பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஆட்கள். அரைக்கைச் சட்டை, வெயில் தொப்பி, பூப்போட்ட பாவாடை. எல்லார் தோளிலும் பனி. உருகாத பனி. எல்லார் மடியிலும் அவள் புத்தகம், விரித்தபடி. அந்தக் குளிரில் யார் வாயிலிருந்தும் மூச்சின் ஆவி வரவில்லை. அவள் வாயிலிருந்து மட்டும் வந்தது.

"ஔனே?"

மஞ்சள் கவுன் போட்ட பெண் நிமிர்ந்தாள். இமை மயிரில் பனி கட்டியிருந்தது.

"கவுக்கோ சொல்லச் சொன்னார். உங்க பூனை..."

"நீங்கதானே எழுதினது?" என்றாள் ஔனே, வீட்டுக்கு வந்தவரை உபசரிப்பதுபோல. "உக்காருங்க. முதல்ல கொஞ்சம் குளிரும். அப்புறம் தெரியாது."

"எழுந்திரிங்க. எல்லாரும் எழுந்திரிங்க. நான் எழுதல. நான் இல்ல."

யாரும் அசையவில்லை.

பின்னால், வளைவுக்குள், பேச்சுச் சத்தம். இளம் ஜோடி. பெண் உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள்: "தலை குனிந்து நுழையுங்கள்."

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு," என்றான் பையன்.

வராதீங்க. ஓடுங்க. ஹெல்வே கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. ஆவியும் இல்லை. இப்போது அவள் வாயிலிருந்தும் இல்லை.

அவர்கள் அவளைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையசைத்தார்கள்.

பெஞ்சில் இருந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். தொடைகளிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

மூன்று பேருக்கு இடம்.