சீனக் கசாயத்தில் விஷம்!

ட்ரிங்... ட்ரிங்...!

அடுப்பில் கொதிக்கிற கசாயத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் சல்மா. ரிசீவரை எடுத்தாள்.

"ஒம் புருசன் குடிக்கிற சீனக் கசாயத்துல வெஷம்!" கரகரத்தது ஓர் ஆண் குரல். "இன்னும் ஒரே டம்ளர்... ஆளு காலி!"

டொக்!

சல்மா உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

அவள் கணவன் உமர் பாருக் ஏலக்காய் வியாபாரி. நுரையீரலில் எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டி. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் மதுரை டாக்டர். கட்டி கரையும் என்று யாரோ சொல்ல, சீன மூலிகைப் பொட்டலங்களை வாங்கி மூன்று வேளையும் காய்ச்சினாள் சல்மா. இது ஐந்தாவது மாதம். அவன் ஸ்கேன் என்று வாயைத் திறந்தாலே, "இந்தப் பொட்டலம் முடியட்டும்" என்பாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சுருளிவேல் வந்தார். கசாயத்தை முகர்ந்தார். முகம் அஷ்டகோணலானது.

"வியாபாரத்துல எதிரி யாரும்...?"

"எறும்பப் பாத்தாலும் ஒதுங்கிப் போவாக சார்!"

"ஆளு எங்கம்மா?"

"கொல்லைக்குப் போனாக. கசாய நேரம் வந்தாலே அவுகளுக்கு வயித்தக் கலக்கும்."

ட்ரிங்...!

சுருளிவேல் ரிசீவரைக் காதில் வைத்தார்.

"கசாயத்தக் கொட்டியாச்சா...?"

அதே குரல் காதில் ஒரு தடவை... கொல்லைப்பக்கமிருந்து ஒரு தடவை!

பாய்ந்தார். பின்னாலேயே சல்மா.

தண்ணீர்த் தொட்டி மறைவில்... ஒரு கையில் செல்போன், வாயில் துண்டு... உமர் பாருக்!

"நீங்களா...! கசப்புக்குப் பயந்தா இம்புட்டு நாடகம்?"

"கசப்புக்கில்ல புள்ள." துண்டை எடுத்தான். "நீ காய்ச்சுறத நிறுத்தினாத்தான் என்னைய ஸ்கேனுக்கு விடுவ. வளந்துருக்கோ, அப்பிடியே இருக்கோ... பாத்துருவோமே!"

"வளந்திருந்தா...?" சல்மாவின் குரல் உடைந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஐந்து மாதமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு பாத்துக்கிருவாக. நீ பக்கத்துல இரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள்.

"திங்கக்கெழம மொத பஸ்ஸு! மதுரைக்கு!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சுருளிவேல் மட்டும் நகரவில்லை.

"பொய்ப் போன் போட்டு போலீஸ அலைய விட்டுருக்கீங்க. கேஸ் போட்டா உள்ள போகணும்!"

"சார்... சார்... என்ன செய்யணும், சொல்லுங்க!"

சுருளிவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் இருமலுக்குன்னு எம் பொண்டாட்டியும் இதே கருமத்தத்தான் காய்ச்சுறா. நம்பர் தாரேன்... அதே குரல்ல ஒரு போன் போடுங்க!"